ஏழாம் எண் குப்பி

குப்பி கழுவுவது அவள் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். மாதத்துக்கு ஒரு முறை கடலிலிருந்து நீர் வரும்; சோதனை முடிந்தபின், முடிவில் சந்தேகம் வந்தால் திரும்பப் பார்க்கவென்று மிச்ச நீரை அந்தந்தக் குப்பியிலேயே ஒரு வாரம் அலமாரியில் வைத்திருப்பார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவள் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கித் தொட்டியில் கவிழ்ப்பாள். குழாய்த் தண்ணீரில் ஓர் அலசு. பிறகு கட்டைவிரலை உள்ளே விட்டு, கழுத்துக்குக் கீழே குப்பி வளைகிற தோள்பட்டையில் ஒரு சுற்றுத் தேய்ப்பு. அதற்கப்புறம் கையுறை மாட்டிக்கொண்டு அமிலத் தொட்டியில் ஊறப்போட்டு, மறுநாள் காய்ச்சி வடித்த நீரில் மூன்று தடவை அலசிக் கவிழ்த்து வைப்பாள். சோப்பு மட்டும் கூடாது.

சோப்பு கூடாது என்பதை அவள் கற்றுக்கொண்ட விதத்தை ஆய்வுக்கூடத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், நல்ல பெயர் வாங்க வேண்டுமென்று வீட்டிலிருந்து சோப்புத்தூள் கொண்டுவந்து, அத்தனை குப்பியையும் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டாள். அந்த மாதம் பாஸ்பேட் சோதனையில் எல்லா நீரும் நீலமாகப் போயிற்று. நீரில் பாஸ்பேட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் ஏறும். வழக்கமாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிகிற நிறம், அன்று மைக்கூட்டைக் கவிழ்த்தது போல இருந்தது. அப்போதிருந்த பெரியவர், அந்தக் கூடத்தின் தலைமை ஆய்வாளர், எல்லாரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்கவைத்துக் காட்டினார். "நம்ம தீவைச் சுத்தி இருக்கிற கடலை யாரோ துணி மாதிரித் துவைச்சுக் காயப்போட்டிருக்காங்க" என்றார். அவள் தொட்டிக்குப் பின்னால் நின்று அழுதாள். அன்றிலிருந்து அவள் குப்பியக்கா.

இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. பெரியவர் ஓய்வு பெற்று, போயும் சேர்ந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவளுக்கு இப்போது நீலம் என்றால் பாஸ்பேட், இளஞ்சிவப்பு என்றால் நைட்ரேட், வடிதாளில் படிகிற பச்சை என்றால் பாசி என்று தெரியும். முதலிரண்டும் கடலுக்கு உரம்; உரம் கூடினால் பாசி கொழுக்கும்; பாசி கொழுத்தால் பவளப்பாறைக்கு மூச்சு முட்டும். இவ்வளவுதான் சங்கதி, இதைச் சொல்ல ஏன் இத்தனை பக்கம் எழுதுகிறார்கள் என்று மகளிடம் கேட்பாள். வீட்டில் அவள் கழுவிய டம்ளரை மகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இதுல டீ ஊத்தவே பயமா இருக்கு, ரிசல்ட் ஏதாவது வந்துடப் போகுது" என்பாள்.

அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவள் கணவர்தான். அவர் ஆய்வுக்கூடத்தின் படகோட்டி. படகுத்துறையில் எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக ஆரம்பித்த பெயர், சீக்கிரமே மரியாதையாகிவிட்டது. தீவைச் சுற்றி ஏழு இடங்களில் நீர் எடுக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு வரை கரையோரம், உள்கடல். இரண்டாம் எண் படகுத்துறையின் வாசலிலேயே. ஏழாவது மட்டும் பவளப்பாறைக்கு வெளியே. பாறை வளையத்தில் ஓர் இடைவெளி உண்டு, வாய் என்பார்கள். மற்ற மாதங்களில் அந்த வாயைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டலாம். காற்று திரும்புகிற மூன்று மாதங்களில் அது வேறு.

அப்படி ஒரு காற்று மாதத்தில், அவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், வாயில் படகு தூக்கியடிக்கப்பட்டது. கேப்டனோடு, குப்பியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்க, ஒருவர் போவார். கயிற்றுக்காரர் என்றே பெயர். பத்து வருஷம் இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுப் பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள். தூக்கியடித்ததில் கேப்டன் படகில் விழுந்தார், கயிற்றுக்காரர் பாறையில் விழுந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் உடல் கிடைத்தது. விசாரணையில் படகோட்டி மேல் தவறில்லை என்று எழுதினார்கள். கயிற்றுக்காரர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. இனி ஓட்டுகிறவரே கயிறும் விட்டுக்கொள்ள வேண்டியது என்று ஒரு தாள் வந்தது.

அடுத்த வருஷம் காற்று திரும்பியது. முதல் மாதத்து நீர் வந்து, சோதனை முடிந்து, ஒரு வாரம் நின்ற குப்பிகளை அவள் கழுவினாள். ஏழாம் எண் குப்பியில் கட்டைவிரல் வழுக்கியது.

பாறைக்கு வெளியே எடுத்த நீர் ஒரு வாரம் நின்றாலும் குப்பியில் எதையும் விட்டுவைக்காது. ஓர் அலசுக்கே கண்ணாடி கீச்சிடும். படகுத்துறை நீர் அப்படியல்ல. தோள்பட்டையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழவழப்பு ஒட்டியிருக்கும். பாசியின் முதல் விரிப்பு அது. எந்தப் புத்தகத்திலும் அவள் இதைப் படிக்கவில்லை, யாரும் சொல்லியும் தரவில்லை. நூற்றுக்கணக்கான குப்பிகளில் விரலை விட்ட பழக்கம், அவ்வளவுதான். சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்களோ என்று இரண்டாம் எண்ணை எடுத்துத் தேய்த்தாள். அதுவும் வழுக்கியது. இரண்டும் ஒரே தண்ணீர்.

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டாள். "போன வாரம் வெளியில கடல் எப்படி இருந்துச்சு?"

"கடல் மாதிரி இருந்துச்சு" என்றார் அவர். துண்டை எடுத்து, ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய கடலில் ஒரு குப்பி. அதுவும் வருஷத்தில் மூன்றே மூன்று. மனுஷன் உயிரோடு வீடு வந்து சேருகிறாரே, அது போதாதா? படகோட்டிக்குக் கடலைப் பார்த்தால் பயம் என்பதை வெளியே சொல்ல முடியுமா? தச்சருக்கு உளியைப் பார்த்தால் கை நடுங்குகிறது என்பது மாதிரி அல்லவா அது. அடுத்த மாதமும் வழுக்கியது. மூன்றாம் மாதமும். காற்று ஓய்ந்ததும் ஏழாம் எண் பழையபடி கீச்சிட்டது. அதற்கடுத்த வருஷத்திலிருந்து, காற்று மாதங்களில் மட்டும், அவள் ஏழாம் எண் குப்பியை முதலில் கழுவ ஆரம்பித்தாள். வேறு யார் விரலாவது தவறிப்போய் உள்ளே போய்விடக் கூடாதே.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இது பத்தொன்பது வருஷம் நின்றது. நிற்க உதவியவர் பெரியவர். ஏழாம் எண்ணின் பாஸ்பேட் வருஷா வருஷம் அந்த மூன்று மாதம் ஏறி இறங்குவதைக் கண்டு, காற்றுக் காலத்தில் ஆழத்து நீர் தானாக மேலே வருகிறது, உரத்தையும் கூட்டிவருகிறது என்று காரணம் கண்டுபிடித்தார். கட்டுரை எழுதினார். படம் வரைந்து சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். முதுகு முதுகாக ஏறி இறங்கியதால் ஆய்வுக்கூடத்தில் அதற்கு ஒட்டகம் என்று பெயர். அதன் கண்ணாடியைத் துடைப்பதும் அவள் வேலைதான்.

நான்கு வருஷம் முன் கேப்டன் ஓய்வு பெற்றார். அந்த வேலைக்குப் பரீட்சை எழுதி வந்தது மருமகன். படகுத்துறைப் பட்டறையில் எஞ்சின் பிரித்துக்கொண்டிருந்தவர். வேலை தெரிந்த பிள்ளை, நல்ல மனசு. ஆனால் கடலில் இறங்கினால் வாந்தி. இந்த உலகத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு படகு ஓட்டுகிற ஒரே ஆள் அவர்தான் என்று மகளே சொல்வாள்.

"என்ன மாப்பிள்ளை, மீனுக்கெல்லாம் சாப்பாடு போட்டாச்சா?" என்று கேப்டன் நாற்காலியிலிருந்தே கேட்பார்.

"போட்டாச்சு மாமா. உங்களைத்தான் விசாரிச்சுதுங்க."

மருமகன் ஓட்டிய முதல் காற்று மாதத்தில், ஏழாம் எண் குப்பி கீச்சிட்டது. அவள் தொட்டியருகே கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அந்தப் பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டே வாயைத் தாண்டிப் போய்விட்டு வந்திருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது?

நான்கு வருஷமாக ஒட்டகத்துக்கு முதுகு இல்லை. ஆழத்து நீர் அப்படித்தான், சில வருஷம் வராது என்று சொல்லிவந்தார்கள். ஊர்க் கழிவுநீரைக் குழாய் வழியாகப் பாறைக்கு வெளியே, சரியாக ஏழாம் எண் பக்கத்தில், கொண்டுபோய்விடத் திட்டம் வந்தபோதுதான் விஷயம் முற்றியது. குழாய்க்காரர்கள் ஆய்வுக்கூடத்தின் பழைய எண்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். வருஷத்தில் மூன்று மாதம் இவ்வளவு உரத்தைப் பத்தொன்பது வருஷமாகத் தாங்கிய பாறை, குழாய் கொண்டுவரும் உரத்தையும் தாங்கும் என்றார்கள். கடைசி நான்கு வருஷத்து எண்களைப் பற்றிக் கூடத்தின் கெமிஸ்ட் கேட்டபோது அவர்களில் ஒருவர் சிரித்தாராம். "கடல் மாறல மேடம், உங்க படகோட்டிதான் மாறியிருக்கார்."

கெமிஸ்ட் இதை அவளிடம் சொன்னது தேநீர் நேரத்தில். பெரியவருக்கு இரண்டு பேர் தள்ளித் தலைமைக்கு வந்தவள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அதிகம் பேசாதவள், பேசினால் சுற்றி வளைக்காதவள்.

"அக்கா, உங்க மருமகன்கிட்ட எழுத்துல விளக்கம் கேக்கச் சொல்லி மேலேருந்து வந்திருக்கு. காத்து மாசத்துல அவர் வெளியில போகவே இல்ல, உள்ளேயே எங்கயோ எடுத்துட்டு வந்துட்டார்னு நினைக்கிறாங்க. வியாழக்கிழமை கமிட்டி."

"போன்ல ஜி.பி.எஸ். இடக்குறி பார்த்து எழுதறாரே மேடம்?"

"எழுதறது கைதானேங்கறாங்க. கூடப் போன சாட்சி யாரும் இல்லையே. பத்தொன்பது வருஷம் ஒரு மாதிரி, நாலு வருஷம் ஒரு மாதிரின்னா எதை நம்புவாங்க?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். டீ அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். மருமகன் விளக்கத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்திருந்தார். "போனேன்னு எழுதறேன். அதுக்கு மேல என்ன எழுதறதுன்னு தெரியல அத்தை. போனதுக்கு என்ன அடையாளம்? வாந்தி எடுத்ததைக் காட்ட முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. மகள் அப்பாவைப் பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்கப்பா. இவர் பொய் சொல்ற ஆளில்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

கேப்டன் தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "அந்த மாசத்துல அந்த வாயைத் தாண்டறதுன்னா சும்மா இல்லம்மா. எல்லாராலும் முடியாது. முடியலன்னா அதுல கேவலம் ஒண்ணும் இல்ல."

மருமகன் கையைத் தட்டிலிருந்து எடுத்தார். முகத்தில் கோபம்கூட இல்லை, யாரோ தெரியாதவர் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. "நான் போனேன் மாமா" என்றார். கை கழுவப் போய்விட்டார். மகள் பின்னாலேயே போனாள்.

அவள் கணவரைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் அவர் அவளை அடித்ததில்லை, ஏசியதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. கடலைப் பார்த்துப் பயந்தார், அவ்வளவுதான். அந்தப் பயத்தை அவள் மாதாமாதம் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள். பயந்ததை அவளால் இப்போதும் மன்னிக்க முடியும். இப்போது சொன்னாரே, அந்தச் சொல்லை முடியாது என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் தொட்டிக்குப் போகாமல் கெமிஸ்ட்டின் அறைக்குப் போனாள். நின்றுகொண்டே சொன்னாள். விரல் வழுக்கியதை, கீச்சிட்டதை, முதலில் எடுத்துக் கழுவியதை. எத்தனை குப்பி என்றும் சொன்னாள்: ஐம்பத்தேழு.

கெமிஸ்ட் எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு அலமாரிக்குப் போனாள். அங்கே நின்ற ஏழு குப்பிகளின் சீட்டுகளையும் உரித்தாள். அடியில் மட்டும் பென்சிலால் குறித்து, இடம் மாற்றி வைத்தாள். "கவுத்து அலசுங்க அக்கா. எது எதுன்னு சொல்லுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அது தேவையில்லைதான். "இது துறை… இது ஓடை சேர்ற இடம், மணல் இருக்கு… இது ஏழு." மிச்சத்தில் இரண்டை மாற்றிச் சொன்னாள், அவை அடுத்தடுத்த கடற்கரைகள். இரண்டாம் எண்ணையும் ஏழாம் எண்ணையும் மாற்றவில்லை. கெமிஸ்ட் மறுபடி குழாய்த் தண்ணீர் ஊற்றி, இடம் மாற்றி வைத்துக் கொடுத்தாள். அப்போதும் மாற்றவில்லை.

கெமிஸ்ட் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ஒட்டகத்தைப் படிச்சுட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நான் நம்பறேன் அக்கா. ஆனா விரலுக்குத் தெரியும்னு எழுதினா கமிட்டி சிரிக்கும். அவர் கையெழுத்து வேணும். ஓட்டினவர் சொல்லணும்."

"போட்டா அவருக்கு என்ன ஆகும்?"

"தெரியாது. போடலன்னா உங்க மருமகனுக்கு என்ன ஆகும்னு தெரியும். பாறைக்கும்."

கெமிஸ்ட் ஒரு பக்கத்தில் தட்டச்சு அடித்துக் கொடுத்தாள். காற்று மாதங்களில் ஏழாம் இடத்துக்கான நீர், இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரை, இரண்டாம் இடத்தருகே எடுக்கப்பட்டது. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

புதன்கிழமை பிற்பகல் அவள் அரைநாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தாள். கேப்டன் உள்ளறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றபின்னும் அதை விடவில்லை. மூட்டு வலிக்கென்று கால்களை முக்காலியில் நீட்டியிருந்தார். அவள் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தாளை அவர் மடியில் வைத்தாள்.

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். படித்தார். சின்னத் தாள், ஆனால் வெகுநேரம் படித்தார். காது மடல் மட்டும் சிவந்தது.

"யார் சொன்னா?"

"நான்தான்."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. குப்பி கழுவறவளுக்குத் தெரியாதா? துறைத் தண்ணி வழுக்கும்ங்க. வெளித் தண்ணி வழுக்காது."

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வையை எதிர்பார்த்துத்தான் அவள் வழியெல்லாம் சொற்களைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தாள். அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. "மாப்பிள்ளை நாளைக்குக் கமிட்டி முன்னால நிக்கணும்" என்றாள். "போகாதவர் பேர் கேப்டன், போனவர் பேர் திருடனா? அன்னிக்குச் சாப்பிடறப்ப அந்தப் பிள்ளை மூஞ்சியைப் பார்த்தீங்களா நீங்க?"

"பார்த்தேன்."

"அப்புறம்?"

"பார்த்தேன்னு சொல்றேன்ல." குரல் ஏறி, அங்கேயே உடைந்தது. பிறகு அவர் தாளைப் பார்த்தபடி பேசினார். "கயித்துக்காரன் போனதுக்கு அடுத்த வருஷமும் வாய் வரைக்கும் போனேன். கிட்டப் போனதும் கை எஞ்சினை நிறுத்திடுச்சு. நான் நிறுத்தல, கை நிறுத்திடுச்சு. அவன் விழுந்த பாறை தெரியுது. அலை இழுக்கறப்ப அது வெளியில வருது, மூடுது, வருது. ஒரு மணி நேரம் நின்னேன். திரும்பி வந்து துறை வாசல்ல குப்பியை ரொப்பினேன். அடுத்த மாசம் சரியாயிடும்னு நினைச்சேன்."

அவள் பேனாவை நீட்டினாள்.

அவர் முழங்காலை மேசையாக்கிக் கையெழுத்துப் போட்டார். வேலையில் இருந்தபோது மாதாமாதம் படகுப் பதிவேட்டில் போட்ட அதே நீளக் கையெழுத்து, முழுப் பெயரும், கடைசியில் ஒரு சுழிப்பும். பேனாவை மூடி அவளிடம் கொடுத்தார். தாளைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"முதல் வருஷமே தெரியுமா?"

"முதல் மாசமே."

"பத்தொன்பது வருஷம்." அவர் அதை ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். "ஒவ்வொரு தடவையும் துறைக்கு வந்து, குப்பியை இறக்கி, வீட்டுக்கு வந்து, உன் எதிர்ல உக்காந்து சாப்பிட்டேன். உனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுத்தான் சாப்பிட்டேன். இவ ஒருத்திக்காவது நான் கேப்டனா இருக்கேனேன்னு." நிறுத்தினார். "ஒரு தடவை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன். அன்னிக்கே சொல்லியிருப்பேன். நான் பயந்துட்டேன், இனிமே என்னால அங்க போக முடியாதுன்னு. வேற ஆளைப் போட்டிருப்பாங்க. நான் கரையில கயிறு முறுக்கிட்டு இருந்திருப்பேன். நீ ஏன் கேக்கல?"

அவள் வாயைத் திறந்தாள். உங்களை அவமானப்படுத்த வேண்டாமென்று, என்று சொல்ல வந்தாள். அது பாதிதான். வேறு ஆளைப் போட்டிருந்தால் அவள் வீட்டில் கேப்டன் இருந்திருக்க மாட்டார், அவளும் கேப்டன் மனைவியாக இருந்திருக்க மாட்டாள். இது மீதியா என்றும் அவளுக்கு நிச்சயமில்லை. பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"சொல்லு. கோவமா கேக்கல. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்."

அவர் காத்திருந்தார். ரேடியோவில் வானிலை முடிந்து வேறேதோ ஆரம்பித்தது. கால்களை முக்காலியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தாளைக் கட்டிலில் அவள் பக்கத்தில், மடிப்புக் கலையாமல் வைத்தார். வாசற்படியில் நின்று மறுபடி ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, சுவரைத் தொட்டுத் தொட்டு, அறையை விட்டு வெளியே போனார்.